பின்னால் வந்த கார்

என் வீட்டுக்காரருக்கு ஜெர்மன் கார் உசத்தி. என் தம்பிக்கு ஜப்பான் கார் உசத்தி. இருபது வருடம் இந்த ஒரே சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. இன்றைக்கு யாராவது என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதே சண்டையை முதலிலிருந்து போட மாட்டார்களா என்று இருக்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். பிறந்த வீடு ராஜபாளையம், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவில் அரைமணி நேர பஸ் பயணம், அவ்வளவுதான். தம்பி ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தான். மில்களுக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பான். வீட்டுக்காரருக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தம்பி கறி வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். தெருமுனையில் அவன் கார் திரும்புகிற சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் மசாலா அரைக்கவே உட்காருவேன்.

சாப்பிட்டுக் கை காய்வதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுக்காரர் துணிக் கண்காட்சிக்காக ஒரே ஒரு தடவை ஜெர்மனி போய் வந்தவர். ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டலுக்கு அவரைக் கூட்டிப்போன வண்டியைப் பற்றி எத்தனை தடவை சொன்னாரோ, கணக்கே இல்லை.

"நூத்தி எண்பதுல போறான் மாப்ள. கையில வச்சிருந்த காப்பி அலுங்கல. நான் தூங்கிட்டேன்."

"அங்க அது டாக்ஸி அத்தான். நம்மூரு ஷேர் ஆட்டோ மாதிரி" என்பான் தம்பி.

"டாக்ஸியே அப்படின்னா சொந்த வண்டி எப்படி இருக்கும்னு யோசி."

"தூங்குறதுக்கு எதுக்கு அத்தான் காரு? கட்டில் வாங்கிப் போடுங்க. ஜெர்மன்காரன் பின்னால உக்காந்து வாரவனுக்கு வண்டி செய்றான். ஜப்பான்காரன் ஓட்டுறவனுக்குச் செய்றான்."

நம்மூரில் ஜப்பான் கார் என்றால் பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும், சீக்கிரம் பழுதாகாது, அவ்வளவுதான் தெரியும். தம்பி சொல்வது அந்த ஜப்பானை இல்லை. சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு, எடையை எல்லாம் குறைத்து, பெரிய பெரிய வண்டிகளைத் தாண்டிப் போகிற ஜப்பானை. கோயம்புத்தூரில் ஒருவர் ரேலிப் பந்தயத்துக்கு ஓட்டித் தூக்கிப் போட்டிருந்த ஜப்பான் வண்டியைத் தேடிப் போய் வாங்கி வந்தான். இரண்டு வருடம் போல்ட் போல்ட்டாகக் கழற்றிப் பூட்டினான். பாதிச் சாமான் அவன் பட்டறையிலேயே கடைந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்காரரின் தறிகள் அத்தனையும் பழைய ஜப்பான் தறிகள். தம்பி உயிரை விட்டுப் பார்த்துக்கொண்ட கிரைண்டிங் மெஷின் ஜெர்மனியில் செய்தது. "ரெண்டு பேரும் எதிராளி மிசின்லதான் சோறு திங்கிறீக, அப்புறம் என்ன பெரிய வாய்?" என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஆரம்பித்தார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரரும் ஆசைப்பட்டபடி வாங்கிவிட்டார். மதுரையில் ஒரு டாக்டர் வைத்திருந்த கறுப்பு நிற ஜெர்மன் கார். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் அப்படியே நின்றுவிடும். பின்னால் அடிக்கிற பஸ் ஹாரன் யாரோ அடுத்த தெருவில் அடிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு முதுகுவலி உண்டு. அந்த சீட்டில் உட்கார்ந்தால் வலி தெரியாது. சீட்டைச் சூடாக்க ஒரு பொத்தான் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில், மே மாதத்தில், தெரியாமல் அதில் என் கை பட்டு நான் பட்ட பாட்டைச் சொல்லி தம்பி ஒரு மாதம் சிரித்தான்.

ஏதாவது ஒரு விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டால் சாமான் வருவதற்கு இரண்டு வாரம் ஆகும். அப்போதெல்லாம் தம்பி குஷியாகிவிடுவான். ஆனால் வீட்டுக்காரர் தறிக்குப் போன பிறகு தரையில் சாக்கை விரித்து அந்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வான். செத்த நேரம் கழித்து எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "என்னமாச் செஞ்சிருக்கான்க்கா. ஒவ்வொரு போல்ட்டும் பாக்கப் பாக்க ஆசையா இருக்கு. அத்தான்கிட்டச் சொல்லிராத" என்பான்.

அவன் கார் அப்படியெல்லாம் சொகுசு கிடையாது. ரோட்டில் கிடக்கிற கல் ஒவ்வொன்றையும் முதுகெலும்பு எண்ணும். ஆலங்குளம் ரோட்டில் சிமெண்டு லாரி இல்லாத நேரமாகப் பார்த்து என்னைக் கூட்டிப்போய், "அக்கா, இப்பக் கேளு" என்று மிதிப்பான். நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் போனதும் எஞ்சினின் குரலே மாறும். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவனைத் திட்டிக்கொண்டே இருப்பேன். திட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஜெர்மன் காரில் நான் ஒரு தடவையும் சிரித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பேரும் என்னிடம்தான் தீர்ப்புக் கேட்பார்கள், கோர்ட்டில் வேலை பார்க்கிறவள் என்று. நான் வாய்தா போட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். தம்பிக்கு இரண்டு மூன்று இடங்களில் பெண் பார்த்தோம், ஒன்றும் அமையவில்லை. பிறகு அவனே போதும் என்று சொல்லிவிட்டான். அதனால் அவனுக்கும் அவள்தான் மகள். காது குத்தியது அவன் மடியில் வைத்து. சைக்கிள் ஓட்டியது அவன் பட்டறை வாசலில். பத்து வயதில் அவன் காரில் போய்வந்து இறங்கியவள், "மாமா, என் கல்யாணத்துக்கு இதுலதான் போவேன்" என்றாள்.

"பொறவு? வேற எவன் வண்டில போவ?" என்றான் அவன்.

சின்னப் பிள்ளை ஆசைக்குச் சொன்ன பேச்சு இல்லை அது. எங்கள் குடும்பத்தில் மணப்பெண்ணைக் கோயிலில் கும்பிட வைத்து, அங்கிருந்து மண்டபத்துக்குத் தாய்மாமன்தான் தன் வண்டியில் கூட்டிவருவான். மண்டப வாசலில் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கி, உள்ளே அழைத்துப் போய் நெற்றியில் பட்டம் கட்டுவதும் அவன்தான். என்னைக் கூட்டிவந்தது என் மாமாவின் ஓட்டை ஜீப். டீசல் வாடையில் எனக்குக் குமட்டியது. ஆனாலும் அது என் மாமாவின் ஜீப், அதில் வந்து இறங்கியது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நாளுக்காகத்தான் தம்பி பதினைந்து வருடம் காத்திருந்தான்.

மகள் படித்து, வேலைக்குப் போய், கோயம்புத்தூரில் நல்ல இடம் அமைந்தது. வசதியான குடும்பம். ராஜபாளையத்தில் மண்டபம் பிடித்தோம். காலையில் ஆண்டாள் கோயில், அங்கிருந்து மண்டபம் என்று ஏற்பாடு. கல்யாணத்துக்கு முந்தின மூன்று மாதம் தம்பி ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பட்டறையில் வேலை என்றான். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக வந்து நிற்க வேண்டியவன் இப்படிச் செய்கிறானே என்று எனக்குக் கோபம். போனில் நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்டும் விட்டேன்.

பத்து நாள் இருக்கும்போது சம்பந்தி பேசினார். மண்டப வாசலில் பெண் வந்து இறங்குவதை மேலேயிருந்து வீடியோ எடுக்கப் போகிறார்களாம். பெண் எந்தக் காரில் வருகிறாள் என்று கேட்டார். வீட்டுக்காரர் மூச்சு விடாமல் தன் காரின் பெயரைச் சொன்னார்.

"தம்பி?" என்றேன், அவர் போனை வைத்ததும்.

"அவன் வண்டி திட்டுத் திட்டா பெயின்ட் போயி, ஊரைக் கூட்டுற சத்தத்தோட வந்து நிக்கவா? சம்பந்தி வீட்டுக்காரக முன்னால நல்லாவா இருக்கும்? நீ சொல்லு. நீ சொன்னாக் கேப்பான்."

பழியை அவர் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. கறுப்புக் காரிலிருந்து என் மகள் பட்டுச்சேலையோடு இறங்குவதை அவர்கள் ஆட்கள் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் இருந்தது. அதனால்தான் தம்பியிடம் நானே சொல்வதாக ஏற்றுக்கொண்டேன்.

தம்பியிடம் சொல்வதையும் வாய்தா போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக் கல்யாணத்தன்று காலையில் கோயில் வாசலில் வந்து நின்றுவிட்டது. மகளும் அவரும் உள்ளே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி புது வேட்டி, தோளில் புதுத் துண்டு. காரைக் கொண்டுவந்து நிறுத்தி, பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். முன்னால் ஒரே ஒரு முழம் மல்லிகை. திட்டுத் திட்டாக இருந்த பெயின்ட் எல்லாம் போய் வண்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் சொன்னேன்.

"தம்பி, பாப்பா அத்தான் கார்ல வரட்டும். சம்பந்தி வீட்ல வீடியோ எடுக்காகளாம். நீ சீர்த்தட்டை எல்லாம் ஏத்திக்கிட்டுப் பின்னால வந்துரு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்தான்.

"சரிக்கா" என்றான். பிறகு, "தட்டை டிக்கில வைக்கவா, பின் சீட்டுலயா?" என்று கேட்டான்.

"பின் சீட்டுலயே வையி. டிக்கில வச்சாச் சாஞ்சிரும்."

நான் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தேங்காய், பழம், பூ, பால்கோவா டப்பாக்கள். நான் நிமிர்ந்தபோது மகள் வெளியே வந்து கறுப்புக் காரில் ஏறிவிட்டிருந்தாள். மாமா கார் என்னாயிற்று என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் யோசிக்கவில்லை. கல்யாண அவசரம்.

ஜெர்மன் காருக்கு அன்றைக்கு நாங்கள் செய்த அலங்காரம் கொஞ்சநஞ்சமில்லை. முன்பக்கம் முழுக்க ரோஜா மாலை, தொங்கத் தொங்கச் சரம். கும்பிட்டுவிட்டு வந்த வீட்டுக்காரர் பக்தியோடு முகப்பு முழுக்கச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். புது வண்டிக்கோ கல்யாண வண்டிக்கோ சந்தனம் பூசாமல் யார்தான் கிளப்புகிறார்கள்? ஆனால் குறுக்கே ஆள் வந்தால் பார்த்துத் தானாக நிற்கிற அந்த வண்டிக்கு அங்கேதான் கண், சென்சார். கிளம்பினதிலிருந்து கீங் கீங் என்று கத்திக்கொண்டே வந்தது. பாதி வழியில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தபோது தானாகப் பிரேக் போட்டு நின்றது. கிளப்பினால் இரண்டடி போய் மறுபடியும் நின்றது. அன்றைக்கென்று வைத்த டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த தம்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். குனிந்து ஒரு பார்வை பார்த்தான்.

"அத்தான், பூ ஆடுறத ஆளு குறுக்க வாரதா நெனைக்குது. கண்ணு பூராம் சந்தனத்தப் பூசி வச்சிருக்கீகளே."

மாலைகளைப் பிய்த்து ஓரமாகப் போட்டான். தண்ணீர் பாட்டிலை வாங்கி நனைத்து, தோளில் கிடந்த புதுத் துண்டாலேயே சந்தனத்தை ஒவ்வொரு இடமாகத் துடைத்தான். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடமும் அவன் கார் எங்களுக்குப் பின்னால் பத்தடியில் நின்றது. நான் வாயைத் திறந்து, "பாப்பா, இறங்கி மாமா கார்ல ஏறு" என்று சொல்லியிருந்தால் போதும். தட்டுகளை மாற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தம்பி யாரையும் பார்க்காமல் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இப்பப் போகும்" என்று பானட்டைத் தட்டினான். போனது.

மண்டப வாசலில் வீடியோக்காரர் சொன்னபடி வீட்டுக்காரரே கதவைத் திறந்து மகளை இறக்கினார். தம்பியின் கார் கேட்டுக்கு வெளியே, வரிசையில் மாட்டிக்கொண்டது. அவன் இரண்டு கைகளிலும் தட்டுகளோடு வேகு வேகென்று உள்ளே வந்தபோது மகள் மணமேடைப் பக்கம் போய்விட்டாள். பட்டம் மட்டும் அவன்தான் கட்டினான். துண்டெல்லாம் சந்தனக் கறை. பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போயிருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழுதிருப்பேன், எல்லாம் தீர்ந்திருக்கும். அதற்கு அவன் இடமே கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தான், காரை எடுக்காமல் பஸ்ஸில். கறி வாங்கி வந்தான். வீட்டுக்காரர் பழைய மாதிரி ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, என்ன இருந்தாலும் ஜெர்மன் வண்டிதான?"

"ஆமா அத்தான். ஜெர்மன் வண்டி ஜெர்மன் வண்டிதான்" என்றான் தம்பி.

வீட்டுக்காரர் ஜெயித்த சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அவருக்கே நிலைக்கவில்லை. இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்து ஐந்தாவது மாதம், மத்தியானம், லேத்துக்கு முன்னால் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. நாற்பத்தொன்பது வயது. ஒரு நாள்கூடப் படுக்காதவன். எனக்குச் செய்தி வந்தபோது நான் யாருடைய வழக்குக்கோ டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேனாம். பக்கத்து சீட்டுக்காரம்மா பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து பட்டறையை ஒழிக்க நானும் வீட்டுக்காரரும் போனோம். ஷெட்டின் கடைசியில் கார், மேலே துணி போர்த்தி நின்றது. சாவியைப் போட்டு அவர் கிளப்பினார். நான் வழக்கம்போல அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தப் போனேன். சத்தமே இல்லை. கல்யாணத்தன்று அந்தக் கார் கோயில் தெருவுக்குள் வந்ததும் எனக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்காரர் இறங்கிக் குனிந்து பார்த்தார். கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு பட்டறையில் வெகுகாலமாக வேலை பார்க்கிற டர்னரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கல்யாணத்துக்காக முதலாளி மூணு மாசம் இதுலயே கெடந்தாரு" என்றார் அவர். "சைலன்சர மாத்துனாரு. ஸ்பிரிங்க எடுத்துட்டு, குலுங்காத ஸ்பிரிங் போட்டாரு. எஞ்சின் வேகத்தக் கொறச்சாரு. ஏசியும் போட்டாரு. எங்கிட்ட, பிள்ள பட்டுச்சேல கசங்காம வந்து எறங்கணும்னாரு. ஞாயித்துக்கெழமகூட வீட்டுக்குப் போகல."

அந்தக் காரில் ஏசி கிடையாது. எடை கூடுதல் என்று வாங்கின வருடமே கழற்றித் தூரப் போட்டவன் அவன். அந்த வண்டியில் வேகம்தான் அவனுக்கு எல்லாம். கிராம் கிராமாக எடையைக் குறைத்துச் சேர்த்த வேகம். மகள் அரைமணி நேரம் சொகுசாக வருவதற்காக, இருபது வருடம் யாரிடமும் விட்டுக்கொடுக்காததை எல்லாம் அவனே கழற்றி வைத்திருக்கிறான்.

ஊருக்கு அந்தக் காரிலேயே வந்தோம். குலுக்கல் இல்லை. ஏசி சில்லென்று வந்தது. பின் சீட்டுக்குப் புதிய உறை; அதில் ஒரு ஓரத்தில் தேங்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் வைத்த தட்டிலிருந்து. பாதி வழியில் வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, எனக்குப் பிடிச்ச மாதிரி ஆக்கியிருக்கான்டி. ஒரு வார்த்த சொன்னானா பாரு" என்றார். முப்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போன வாரம் மகள் போன் செய்தாள். மாமா காரை விற்றுவிட வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டாளாம். விற்கவில்லை, வாசலில்தான் நிற்கிறது என்றேன்.

"அம்மா, கல்யாணத்தன்னைக்கு நான் சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்ததும் நேரா மாமா கார்கிட்டதான் போனேன். மாமாதான் வேணாம்னாங்க. 'தாயி, மாமா வண்டில ஏசி கெடையாதுல்ல. பட்டுச்சேலைல வேர்த்து நனைஞ்சிருவ. அப்பா கார்ல ஏறு'ன்னாங்க. நானும் ஏறிட்டேன். வேர்த்தா வேர்த்துட்டுப் போகுதுன்னு அதுலயே வந்திருக்கலாம்லம்மா?"

இந்தத் தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அதுல எப்படிடி வருவ?" என்றேன். "அதுல ஏசி கெடையாதுல்ல."